ஓடுகிற வண்டிக்குப் போன் போடுகிறவர்களுக்கு

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்து லாரி உரிமையாளர்களுக்கும், புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கும் வணக்கமுங்க.

செல்போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள் என்கிற பலகை இல்லாத ரோடு நம் பக்கம் குறைவு. சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் டிரைவர்களை வரிசையாக உட்கார வைத்துக் கண் பரிசோதனை செய்கிறோம், உறுதிமொழி வாசிக்கச் சொல்கிறோம், டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறோம். புத்திமதி முழுக்க டிரைவருக்குத்தான். ஸ்டியரிங் பிடித்திருப்பவர் தனக்குத்தானே பேசிக்கொள்வதில்லையே, அந்தப் பக்கம் ஒருவர் கூப்பிட்டதால்தானே எடுக்கிறார்? அப்படிக் கூப்பிடுகிறவர்களில் முதல் ஆள் நீங்கள். உங்களுக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். டிரிப் ஷீட், டீசல் பில், பேட்டா, டோல் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பக்கத்து மேஜையில் நடக்கிற போன் பேச்சும் சேர்ந்தே காதில் விழும்.

வண்டி லோடு ஏற்றிப் புறப்பட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "எங்கப்பா இருக்கற?" என்று முதல் போன். கொஞ்ச நேரத்தில் சரக்கு அனுப்பிய பார்ட்டி, "வண்டி கிளம்பிருச்சுங்களா?" அப்புறம் சரக்கு இறக்க வேண்டிய ஊரிலிருந்து ஒருவர், இந்தியிலோ கன்னடத்திலோ. மறு லோடு பிடித்து வைத்திருக்கும் ஏஜெண்ட், "நாளைக்குக் காலையில வந்துருவீங்களா, இல்ல வேற வண்டிக்குக் குடுத்துரட்டுமா?" நடுவில் மறுபடி முதலாளி: "ஏம்ப்பா, பத்து தடவ அடிக்கிறேன், எடுக்க மாட்டயா?" எடுக்காத டிரைவருக்கு ஆபீஸில் கிடைக்கும் பெயர் உங்களுக்குத் தெரியும். திமிர் பிடித்தவர், தூங்குகிறவர், டீசல் விற்கிறவர். எடுக்கிற டிரைவர்தான் நம்மிடம் 'நல்ல டிரைவர்'. ரோட்டில் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்வதைச் செய்கிறவருக்குத்தான் ஆபீஸில் நல்ல பெயர்.

இத்தனை போனிலும் கேட்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், எங்கே இருக்கிறாய் என்பது. அதற்குப் பதில் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டாக் கட்டாயம். வைகுந்தம் டோலில் பணம் கழிந்தால் குறுஞ்செய்தி வருவது உங்கள் போனுக்கு. ஓமலூர் தாண்டினாலும் கிருஷ்ணகிரி தாண்டினாலும் அப்படித்தான். வண்டி எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுத்தில் வந்து விழுகிறது. அது போதாதென்று பலர் ஜிபிஎஸ் வேறு பூட்டியிருக்கிறீர்கள். ஆபீஸில் இருந்தபடி வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கிறீர்கள். ஓடுகிறது என்று திரையில் பார்த்த பிறகும் போன் போடுகிறீர்கள். இதை நான் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இனி வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பத்துச் சக்கர வண்டி சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம் என்று 2018-ல் கூட்டிக் கொடுத்தார்கள். அது 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து, எடுத்து, காதில் வைக்க ஐந்து விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பது மீட்டருக்கு மேல் வண்டி பார்வை இல்லாமல் போயிருக்கும். நம் ஊர் ஹைவேயில் எண்பது மீட்டருக்குள் ஒரு பால்காரர் சைக்கிளைத் திருப்பலாம், சென்டர் மீடியன் இடைவெளியில் ஒரு டிவிஎஸ் 50 குறுக்கே வரலாம். அதன் பிறகு பிரேக்கை மிதித்தாலும் ஏர் பிரேக் பிடிக்கக் கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்யும். வடக்கே இருந்து திரும்பும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் வேறு. அந்த இறக்கத்தில் எத்தனை வண்டி கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருப்போம்! கியரும் பிரேக்கும் கேட்கிற கவனத்துக்கே அங்கே டிரைவரிடம் கையிருப்பு பத்தாது.

"எங்க டிரைவர் ப்ளூடூத்துலதான் பேசறாரு" என்று சொல்வீர்கள். கை காலியாகிறது, வாஸ்தவம். மூளை காலியாவதில்லை. கனடாவின் டொரன்டோவில், செல்போன் வைத்திருந்து விபத்தில் மாட்டிய 699 பேரின் போன் கணக்கை ஆராய்ந்து 1997-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பேசும் நேரத்தில் விபத்து அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு வந்த அமெரிக்கப் பரிசோதனைகளில், போனில் பேசியபடி ஓட்டுகிறவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தும் கண்ணெதிரே வந்ததை மனதில் வாங்காமல் போவது தெரிந்தது.

இதற்கு எதிரான பேச்சையும் மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் லாரிகளுக்குள் கேமரா வைத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2009-ல் வந்தது. ஓட்டிக்கொண்டே மெசேஜ் அடித்தால் அபாயம் 23 மடங்கு என்றது. அதே ஆய்வு, கை படாமல் பேசுகிற லாரி டிரைவர்களுக்கு அபாயம் கூடவில்லை, குறைந்தே இருந்தது என்றும் சொன்னது. நம் டிரைவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கண் சொருகும்போது, முன்னால் போகிற நம்ம ஊர் வண்டி டிரைவரோடு பேசினால் தூக்கம் போகும். அதை நான் தப்பென்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். தூக்கம் வந்தால் ஓரம் கட்டித் தூங்குவதுதான் மருந்து என்றாலும், அதற்கு விடாதபடி நேரம் குறித்துக் கொடுப்பதும் நாம்தான். ஆனால் கூட்டாளியோடு ஊர்க்கதை பேசுவதும், மறு லோடு போய்விடும் என்று மிரட்டுகிற போனுக்குப் பதில் சொல்வதும் ஒன்றா? ஒன்றில் தூக்கம் கலையும். மற்றதில் மனசே கலையும், கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும்.

கிளீனர் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தூரத்து ஊர்களுக்குப் போகிற லைன் வண்டியில் இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். கிளீனர் பையன் ஓயாமல் பேசிக்கொண்டேதான் வருவான். ஆனால் எதிரே பஸ் முந்திக்கொண்டு வந்தால் அவன் வாய் தானாக மூடும், இல்லாவிட்டால் இடப்பக்கம் பார்த்துச் சத்தம் கொடுக்கும். ரோடு அவன் கண்ணுக்கும் தெரியும். ஆபீஸில் இருந்து பேசுகிறவருக்கு அது தெரியாது, லாரி எந்த வளைவில் இருந்தாலும் அவர் பேச்சு நிற்காது. கூலி கட்டவில்லை என்று கிளீனரை எடுத்தோம், பிறகு இரண்டாவது டிரைவரையும் பல வண்டியில் எடுத்துவிட்டோம். வழி கேட்பது, பார்ட்டியோடு பேசுவது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்று அவர்கள் பார்த்த வேலையெல்லாம் ஓட்டுகிற ஒரே ஆளின் போனுக்குள் போய்விட்டது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியும். மிச்சம் இல்லை என்று சொல்ல வரவில்லை.

தண்டனை மட்டும் ஒருவருக்குத்தான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டுகிற குற்றத்தில் சேர்த்தது. வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், வைத்துக்கொள்ளலாம் என்று 2020 அக்டோபரில் விதி வந்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்திய அபராதத்தின்படி முதல் தடவைக்கு 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 10,000. லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். சலான் வருவது வண்டி உரிமையாளர் என்ற முறையில் உங்கள் நம்பருக்கு. அதைப் பேட்டாவில் கழிக்கச் சொல்லி என்னிடம் தருவீர்கள். அந்த நேரத்தில் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தது யார் என்று கேட்க சலானில் இடம் இல்லை.

விபத்து நடந்தாலும் அதே கதைதான். முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டி வந்து என்று எழுதி முடிப்பார்கள். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுக்கப் போன் காரணம் என்று பதிவானவை 3,395 சாவுகள், நூற்றுக்கு இரண்டு. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் போயிருக்கிறது. அந்த எழுபதுக்குள் எத்தனை போன் ஒளிந்திருக்கிறது என்று அந்த அறிக்கை சொல்லாது. போன் உடைந்து கிடக்கும்போது யார் எடுத்துப் பார்க்கிறார்கள்?

வெளிநாட்டில் போனின் அந்தப் பக்கத்து ஆளைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டில் 2013 ஜூலை 24 அன்று சாந்தியாகோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் தடம் புரண்டு எண்பது பேர் அளவில் இறந்தார்கள். 80 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவுக்குள் அது 179-ல் நுழைந்தது. டிரைவர் சொந்த விஷயமாகப் பேசவில்லை. அதே ரயிலின் டிக்கெட் பரிசோதகர் ஆபீஸ் போனில் கூப்பிட்டிருந்தார். முன்னால் வரும் ஒரு ஸ்டேஷனில் ஒரு குடும்பம் இறங்க வசதியாக எந்தப் பிளாட்பாரத்தில் நிறுத்தலாம் என்று பேச்சு. நல்ல எண்ணத்தில் கேட்ட சாதாரண வேலைக் கேள்விதான். பேச்சு முடிந்த சில நொடிகளில் வளைவு வந்துவிட்டது.

அதே 2013-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொன்று சொன்னது. ஓட்டிக்கொண்டே மெசேஜ் பார்த்த ஒரு இளைஞன் மோட்டார் சைக்கிளில் வந்த கணவன் மனைவியை இடித்து, இருவருக்கும் கால் போனது. மெசேஜ் அனுப்பிய பெண்ணையும் வழக்கில் சேர்த்தார்கள். அவர் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால், எதிரே இருப்பவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அனுப்பினால் அப்போதே பார்ப்பார் என்று தெரிந்தே அனுப்பினால் அனுப்பியவரும் பொறுப்பாளி ஆகலாம் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அது நம் நாட்டுச் சட்டம் இல்லை. ஆனால் ஜிபிஎஸ் திரையில் வண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போன் போடுகிற முதலாளியை அந்த நீதிபதிகள் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2024 ஜனவரி தொடக்கத்தில், விபத்து நடந்ததும் ஓடிப்போகிற டிரைவருக்குப் பத்து வருடம் வரை ஜெயில் என்ற புதிய பிரிவை எதிர்த்து வடக்கே டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். நின்றால் கூட்டம் அடிக்கும், அதனால்தான் ஓடுகிறார்கள் என்று நம் ஆபீஸ்களிலும் அவர்களுக்காகப் பேசினோம். அந்தப் பிரிவை அரசு நிறுத்தி வைத்தது. அன்று டிரைவர் பக்கம் நின்ற உங்களிடம் இன்று கேட்பது அதைவிடச் சின்ன காரியம்.

எல்.ஆர். என்கிற சரக்கு ரசீதுக் காப்பியில் டிரைவர் செல் நம்பர் எழுதுகிற இடத்தில் ஆபீஸ் நம்பரை எழுதுங்கள். பார்ட்டி, ஏஜெண்ட், இறக்குகிற இடம் எல்லாரும் ஆபீஸுக்கே கூப்பிடட்டும். நாற்காலியில் இருக்கிறவர் பதில் சொன்னால் யாருக்கும் சேதமில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஐந்து மணி நேர வேலைக்கு நடுவில் அரை மணி ஓய்வு கொடுக்கச் சொன்னது. அந்த ஓய்வில், வண்டியை ஓரம் கட்டிவிட்டு டிரைவரே கூப்பிடுவார் என்று வழக்கப்படுத்துங்கள். அவர் கூப்பிடும்போது நீங்கள் எடுத்தால் போதும். நிஜமாகவே அவசரம், ரூட் மாறிவிட்டது, லோடு ரத்து என்றால் இரண்டு மிஸ்டு கால் கொடுங்கள். இரண்டு வந்தால் இடம் பார்த்து நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும் என்று புறப்படும் முன்பே பேசி வையுங்கள். மிஸ்டு கால் கொடுப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது, அதை இதற்கும் பயன்படுத்தலாம். எடுக்காத டிரைவரை அதற்காகத் திட்டாதீர்கள். போன் பேசியதற்கு சலான் வந்தால், அந்த நேரத்தில் வந்த அழைப்பு யாருடையது என்று கால் லிஸ்ட்டில் பாருங்கள். ஆபீஸ் நம்பராக இருந்தால் பேட்டாவில் கை வைக்காதீர்கள். இந்தக் கடைசி ஏற்பாடு ஒன்றை மட்டும் செய்தால்கூட மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது என் கணக்கு.

அடுத்த சங்கக் கூட்டத்தில் டீசல் விலை, டோல் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம் என்று பேச நிறைய இருக்கும். அதோடு இதற்கும் அரை மணி ஒதுக்குங்கள். மேடைக்கு அதிகாரிகளை அழைப்பது போல லைனிலிருந்து வந்திருக்கும் டிரைவர்கள் நாலைந்து பேரையும் அழையுங்கள். போன டிரிப்பில் ஸ்டியரிங்கில் இருக்கும்போது யார் யார் கூப்பிட்டார்கள் என்று போனைத் திறந்து அவர்களே வாசிக்கட்டும். அந்தப் பட்டியலில் நம் ஆபீஸ் நம்பர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள நான் நோட்டோடு வருகிறேன்.

இப்படிக்கு,
சங்ககிரி லாரி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன்