அடித்தளத்தையே தரையாக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓடோ பலகையோ பதிக்காமல், அடியிலுள்ள கான்கிரீட்டையே மெருகேற்றித் தரையாகப் பயன்படுத்தச் சிலர் விரும்புகிறார்கள். செலவு குறையும் என்பது பாதி உண்மைதான்; மேலே வேறொன்று வந்து மறைத்துவிடும் என்ற எண்ணத்தில் போடப்பட்ட தளத்தில் மேடுபள்ளங்களும் விரிசல்களும் இருக்கும் என்பதால், தேய்ப்பு, விரிசல் அடைப்பு, கெட்டிப்படுத்தும் திரவம், மேற்பூச்சு எனச் செலவு வேறு வழியில் வந்துசேரும்.

பலரும் கவனிக்கத் தவறுவது ஈரம். கான்கிரீட் வலுப்பெறுவதற்கு 28 நாள் கணக்குச் சொல்வார்கள். அது உலர்வதற்கோ மாதக்கணக்கில் ஆகலாம். பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் இறுக ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்து, அடியில் நீர் கோத்திருக்கிறதா, தளம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தால் ஈரம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். ஈரத்தின் மேல் பூசிய எபாக்ஸி என்னும் பிசின் பூச்சு கொப்புளித்து உரியக்கூடும்.

கான்கிரீட்டுக்குப் பதில் பிளைவுட் அடித்தளமாக இருந்தால், அதன் மேலடுக்கு மிக மெல்லியது. தேய்ப்பு இயந்திரம் சற்று அழுந்தினாலே அடியிலுள்ள பசை தெரிந்துவிடும். பழைய தரை ஓடுகளைப் பெயர்த்த இடத்தில் மிஞ்சியிருக்கும் கறுப்புப் பசையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ் என்னும், நுரையீரலுக்குக் கேடான இழை) இருக்கக்கூடும் என்பதால், பரிசோதிக்காமல் அதைத் தேய்க்கவே கூடாது. பளபளக்கும் படங்களைக் காட்டி வேலை பிடிப்பவர்கள் இவற்றைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒப்பந்தம் எழுதும் முன், தளத்தின் ஒரு சிறு பகுதியை முழுமையாகச் செய்துகாட்டும்படி வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்