22 நகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில், தன் நான்கு மாத செயின்ட் பெர்னார்ட் குட்டியின் பின்னங்கால்களில் இரண்டிரண்டு விரல்கள் கூடுதலாக இருக்கின்றனவே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிறவிக் குறை, எடுத்துவிடுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அதே இன நாயை ஆறு வருடமாக வளர்க்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாய்க்குட்டி வந்தால் நகத்தை எண்ணிப் பார்ப்பார்கள். முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு, ஆக 18. இதுதான் வழக்கமான கணக்கு. 20 இருந்தால் விசேஷம். எங்கள் பீமனுக்கு 22. பெரியப்பா கணக்குத் தப்பிவிட்டதென்று முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.

இதைக் குறை என்றால் பிரான்சுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பிரியார்ட், போசரோன் என்ற அவர்களுடைய மேய்ச்சல் நாய்களுக்குப் பின்னங்காலில் இரட்டை விரல் இல்லையென்றால் கண்காட்சியில் தகுதி நீக்கம்தான். பிரனீஸ் மலையில் ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்க்கும் அதுவே இன அடையாளம். செயின்ட் பெர்னார்டுக்குக் கட்டாயமில்லை, நடைக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் இருக்கலாம். பரம்பரையாக வருவது இது. விரல் உருவாவதை இயக்கும் மரபணுப் பகுதியில் ஏற்பட்ட சிறு மாற்றமே காரணம் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. பனியில் நடக்கத்தான் இந்த விரல் என்றும் சொல்கிறார்கள். பீமனுடைய கூடுதல் விரல்கள் தரையைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

தரையைத் தொடாததில்தான் வம்பே. மற்ற நகங்கள் நடக்க நடக்கத் தேயும், இவை தேயாமல் வளைந்து வளரும். பீமனுக்கு இரண்டு வயதில் ஒரு மழைக்காலத்தில் பின்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தான். உண்ணி என்று நினைத்தேன். ரோமத்தை விலக்கிப் பார்த்தால் உள்பக்க நகம் வட்டமாகச் சுருண்டு சதைக்குள் இறங்கிச் சீழ் பிடித்திருந்தது. நகமே வெட்டுவதில்லையா என்று டாக்டர் கேட்டார். மாதம் தவறாமல் 18 நகத்தை வெட்டிய நான் அந்த நான்கை மறந்திருந்தேன்.

அதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை முதலில் அந்த நான்கு, அப்புறம்தான் மற்றவை. வளைந்த நகத்துக்கு வளையம் போன்ற நகவெட்டி நுழையாது, கத்தரி மாதிரி இரண்டு கைப்பிடி உள்ளதே சரி. கறுப்பு நகத்தில் ரத்தக் குழாய் எங்கே என்று வெளியே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, வெட்டிய முகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தவறி ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். குளிப்பாட்டிய பிறகு இரு விரல்களுக்கும் இடையில் ஈரம் நிற்காமல் துடைப்பதும் முக்கியம்.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலும்பில்லாமல் தோலில் மட்டும் ஆடும் விரல் புதரிலும் கம்பியிலும் மாட்டிக் கிழியும், அதை எடுப்பது நல்லது. எலும்போடு உறுதியாக இருப்பதை எதற்கு வெட்ட வேண்டும்? எக்ஸ்ரே எடுத்தால் எது எது என்று தெரிந்துவிடும். முன்னங்காலின் உள்பக்கம் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது விரலை எடுக்கவே வேண்டாம். அதில் தசைநாண் உண்டு, ஓடித் திரும்பும்போது ஊன்றிக்கொள்ள உதவும்.

பிறந்த சில நாட்களுக்குள் எடுப்பது சுலபம். அந்தக் காலம் இந்தக் குட்டிக்குக் கடந்துவிட்டது. இனி முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்பதால், அவசரமில்லையென்றால் கருத்தடை அறுவையோடு சேர்த்துச் செய்துகொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்கட்டும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தினமும் இரண்டு நிமிடம் குட்டியின் காலைப் பிடித்து விரல்களைத் தொட்டுப் பழக்கட்டும். 65 கிலோ ஆன பிறகு அதன் காலைப் பிடித்துப் பழக்குவது நடக்கிற காரியமில்லை.

ஒரு வாசகி,
கோத்தகிரி