158 என்று வந்த அந்தச் சீட்டைப் பற்றி

அன்புள்ள மருமகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் வாய் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி மூன்று நாள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். பொதுவில் எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. உன் பெயரும் இதில் இல்லை, மாசமாயிருக்கிற உன் மனைவி பெயரும் இல்லை. கடலூரில் இதே கதை நடக்கிற வீடு நிறைய இருக்கிறது.

குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 158. 140-க்குள் இருக்க வேண்டியது. உன் அம்மா, அதாவது என் அண்ணி, சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாசமானதிலேருந்து மைசூர்பாக்கா தின்னா வேற என்ன வரும்" என்றார். அந்தப் பெண் பாதி உரித்த வாழைப்பழத்தைத் தோலோடு மூடித் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

முதலில் மைசூர்பாக்கை விட்டுவிடுவோம். கர்ப்பகாலச் சர்க்கரை இனிப்பு தின்றதால் மட்டும் வருவதில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு போகிற நஞ்சுக்கொடியே சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் இன்சுலினை மட்டுப்படுத்துகின்றன. எல்லாக் கர்ப்பிணிக்கும் இது நடக்கும். ஈடுகட்ட அதிகமாக இன்சுலின் சுரக்க முடிந்த உடம்பு தப்பித்துக்கொள்கிறது, முடியாததில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும், ஆனால் தாயின் இன்சுலின் தாண்டாது. அதனால் உள்ளே இருக்கிற குழந்தை தன் சின்னக் கணையத்தை வைத்துக்கொண்டு தானே கூடுதலாகச் சுரக்க வேண்டியிருக்கிறது. அதனால் குழந்தையின் உடம்பில் கொழுப்பு சேர்கிறது. பிறந்ததும் வெளியிலிருந்து வந்த சர்க்கரை நின்றுபோகும், சுரந்த இன்சுலின் மட்டும் இருக்கும். குழந்தைக்குச் சட்டென்று சர்க்கரை இறங்கிவிடும். வளர்ந்த பிறகு உடல் பருமனும் சர்க்கரையும் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், தலையெழுத்து இல்லை. இப்போது கட்டுக்குள் வைத்தால் பெரும்பாலும் நல்லபடியாகவே போகும்.

இந்தச் சோதனையை நம் ஊருக்கு ஏற்றபடி எளிமையாக்கியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்றில்லை, 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், ரத்தம் எடுக்க ஒரே ஒரு ஊசி. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக இந்தியாவில் வைத்திருக்கிறோம். காலை பஸ்ஸைப் பிடித்து வரும் பெண்ணைச் சாப்பிடாமல் வா என்று சொன்னால் அடுத்த தடவை வரவே மாட்டாள். 31 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் சொல்கிறேன், அந்த ஒரு சலுகையின் அருமை எங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. அன்றைக்கு அவள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு பிறந்தப்ப என்ன எடை?" என்று கேட்டேன். இரண்டேகால் கிலோவாம். இரண்டரைக்குக் குறைந்தால் எங்கள் பதிவேட்டில் எடை குறைவு என்று சிவப்பு மையில் எழுதுவோம். எடை குறைந்து பிறந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடுதல். பெண் குழந்தை பிறக்கும்போதே கருமுட்டைகள் அதன் உடம்பில் உருவாகி இருக்கும். அப்படிப் பார்த்தால் உன் பிள்ளையின் பாதிக் கதை உன் மாமியார் வயிற்றுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. உன் மாமியார் கர்ப்பமாக இருந்தபோது கடைசியாகத்தான் சாப்பிட்டாராம். குழம்பு இருக்கும், மீன் இருக்காது என்றார், சிரித்துக்கொண்டே.

பதிவேடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டுஷயர் என்ற இடத்தில் 1911 முதல் எங்களைப் போன்ற செவிலியர்கள் குழந்தை பிறந்ததும் எடை, ஒரு வயதானதும் எடை என்று எழுதி வைத்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் குழுவுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து அந்த நோட்டுகள் கிடைத்தன. அதில் இருந்த 5,654 ஆண்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று பார்த்து 1989-இல் வெளியிட்டார்கள். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களே மாரடைப்பு போன்ற இதய நோயில் அதிகமாகப் போயிருந்தார்கள். அந்தப் பெண்கள் தராசும் பையுமாக வீடு வீடாக நடந்தபோது இதை நினைத்திருப்பார்களா? எங்கள் நோட்டை எந்தக் கரையான் தின்றதோ.

புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாக்னிக் குழுவினர் பார்த்ததும் நமக்கு நெருக்கம். அங்கே பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளிடம் குறைந்தது சதைதான், கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாக இருக்கிறவனுக்கு ஏன் முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வருகிறது என்று உன் அப்பாவைப் பார்த்து நாம் எல்லோரும் கேட்டோமே, நினைவிருக்கிறதா? உன் பாட்டிக்கு அந்த நோயில் கால் விரல் போனதையும் மறந்திருக்க மாட்டாய். ஆக, "எங்க பக்கம் சர்க்கரையே கிடையாது" என்று அன்றைக்கு அண்ணி சொன்னது பொய்.

இப்போது நீ செய்ய வேண்டியது. திங்கள்கிழமையிலிருந்து காலையில் ஒரே ஒரு இட்லிதான் கொடுக்கிறார்களாம். பட்டினி வைத்தியம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடட்டும். சோறு கால் தட்டு, காயும் கீரையும் அரைத் தட்டு, மிச்சத்தில் பருப்போ முட்டையோ மீனோ. மத்தி மலிவுதான், வாங்கிப் போடு. சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடக்கட்டும். டாக்டர் சம்மதித்தால் சாயங்காலம் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் இறங்கவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ எழுதுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை அவள் டீயோடு போடுவதைப் பார்த்தேன். டீ, காபி, கால்சியம் மாத்திரை மூன்றும் இரும்பைச் சேரவிடாது. இரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொல். மலம் கறுப்பாகப் போவதும் இயல்புதான். குழந்தை கறுத்துப் போகும் என்று பயந்து மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்த எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும், அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். அரசு கொடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு எல்லாம் வரும். நான் போகிற வீடுகளில் பேரீச்சம்பழத்தை யார் தின்றார்கள் என்று கேட்பேன், பதில் வராது. கொழுந்தன் ஒருத்தன் மட்டும் திருதிருவென்று விழிப்பான்.

மொட்டை மாடியில் ஊதிவிட்டுப் பாக்கு மென்றுகொண்டு இறங்குகிறாயே, அதுவும் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிறவர் விடும் புகையாலும் குழந்தையின் எடை குறையும். அவள் நாக்கைக் கட்டச் சொல்கிற வீட்டில் நீ இதையாவது விடு.

அடுத்த மாதம் வளைகாப்பு. சித்ரான்னம் ஏழு வகை செய்யட்டும், ஆளுக்கு ஒரு பிடி என்று அவள் வாயில் திணிக்காதீர்கள். பிரசவமாகி ஆறு வாரம் கழித்து அவளுக்கு மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும், அந்த நாளை நாள்காட்டியில் குறித்து வை. எல்லோரும் பிள்ளையைக் கொஞ்சுகிற மும்முரத்தில் மறந்துவிடுகிறார்கள். அன்றைக்கு உனக்கும் சேர்த்து எடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முதுநகரில் மத்தி நன்றாக இருந்தால் ஒரு கிலோ வாங்கி வருவேன். நீதான் கழுவ வேண்டும். இலை போடும்போது முதல் இலை அவளுக்கு, அண்ணியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அத்தை
மஞ்சக்குப்பம், கடலூர்