கொல்லையில் ஒரு மாடு கட்டலாமா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும். கார்த்திகை மழை விட்டபாடில்லை. மாட்டுக்கொட்டகை ஒரு பக்கம் ஒழுக ஆரம்பித்ததில், மாட்டை நகர்த்தி நகர்த்திக் கட்டியே பொழுது போய்விட்டது.

உன் நாய்க்குத் தோலுக்கடியில் அடையாளச் சிப் வைத்த கதையைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அரிசி மணி அளவு சிப்புக்கு அரை நாள் வரிசையில் நின்றாயாமே! மாநகராட்சி நாய் உரிமத்துக்கு 50 ரூபாய்தான். வாங்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றதும்தான் சென்னையே நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறது. இருந்தாலும் அந்தச் சாக்கில் வெறிநோய்த் தடுப்பூசியையும் போட வைத்துவிட்டார்கள் பார், அது நல்ல காரியம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் கொல்லையில் ஒரு மாடு, நாலு கோழி, பேத்திக்கு ஒரு கிளி, இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். முதலில் கிளியை மறந்துவிடு. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் மிளகாய்ப்பழம் தின்றுகொண்டிருந்ததே, அது மாதிரி இப்போது வைக்க முடியாது. அப்போது கேட்க ஆளில்லை. மைனா, கௌதாரி, நட்சத்திர ஆமை எல்லாம் இதே கணக்கு. பேத்தி அழுதால் லவ் பேர்ட்ஸ் வாங்கிக் கொடு. அது அயல்நாட்டுப் பறவை, வளர்க்கத் தடையில்லை. அல்லது வடுவூர் ஏரிக்கு அழைத்துப் போவோம்; இந்த மாதத்தில் கூண்டில்லாமலே ஆயிரக்கணக்கில் பார்க்கலாம்.

மாட்டு விஷயம்தான் நீளம். நம் சின்ன வயதில் இந்த ஊரில் என்ன சட்டம் இருந்தது, யோசித்துப் பார். ஒரே சட்டம்தான், அதுவும் தேதி வைத்த சட்டம். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்து, நாற்றங்காலில் விதை விழுந்ததும் தண்டோரா போடுவார்கள்: இன்று முதல் ஆடு மாடு அவிழ்த்துவிடக் கூடாது, மீறினால் பவுண்டு, அதாவது பிடித்த மாட்டை அடைத்து வைக்கிற பட்டி. அறுப்பு முடிந்த பிறகு ஊரே திறந்த வெளி. யார் மாடு யார் வயலில் மேய்ந்தாலும் கேள்வி கிடையாது. அந்தப் பவுண்டுக்குப் பின்னால் 1871-ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டம் ஒன்று இருக்கிறது என்பது எனக்கே போன வருடம்தான் தெரியும். பயிரை மேய்ந்த மாட்டை வயல்காரர் பிடிக்கலாம், 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்க வேண்டும். நடுவழியில் மறித்து மாட்டைப் பிடுங்கினால் அது தனிக் குற்றம். உன் சித்தப்பா வாய்க்கால் மதகில் வைத்துச் செய்தாரே, அதேதான்!

பவுண்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு சுவரும் எருக்கஞ்செடியும்தான் மிச்சம். சண்டை மட்டும் போகவில்லை. போன ஜனவரி 26 கிராம சபையில் ரோடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆட்டுக்கு மட்டும் இரண்டு மணி நேரம். உனக்குத்தான் தெரியுமே, சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். அறுத்த பிறகு பார்த்தால் வயலில் வெறும் தாள்தான் நிற்பது போலத் தெரியும், அடியில் உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். ஆட்டுக்கு அந்த இரண்டு இலைதான் விருந்து. ‘ஆட்டைக் கட்டிப் போட்டு வளர்க்கச் சொல்லுங்கள்’ என்று நிலம் வைத்திருக்கிறவர்கள் எழுந்தார்கள். நானும் அவர்களோடுதான் எழுந்தேன், மறைப்பானேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, ‘ஆட்டைக் கொடுத்தது கவர்மென்ட்டு, கட்டிப் போட எடம் யாரு கொடுப்பா?’ என்று கேட்டது. விலையில்லா ஆடு நாலு வந்து இறங்கியபோது மாலை போட்டுப் போட்டோ எடுத்தோம். ஒன்றரை செண்ட் மனையில் அதை எங்கே கட்டுவது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எனக்கு உட்காரத்தான் தோன்றியது. கடைசியில் வாய்க்கால் கரையையும் குளத்து மேட்டையும் ஆட்டுக்கு விடுவது, உளுந்து எடுக்கும் வரை வயலில் இறக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். எழுதாத ஒப்பந்தம்தான், ஆனால் பங்குனி வரை ஒரு ஆடு வயலில் இறங்கவில்லை. அதன் பிறகுதானே ராமநாதபுரத்துக் கீதாரிகள், ஆடு மேய்க்கிறவர்கள், வயலில் கிடை போட வருவார்கள். அந்த ஆட்டை மட்டும் எருவுக்காகக் காசு கொடுத்து வயலில் அடைப்போம். வேடிக்கையான ஊர்.

உன் வீடு இருக்கிற தெரு அப்படியில்லை. அது நகராட்சி எல்லைக்குள் போய்விட்டது. அங்கே ஆடு மாட்டை ரோட்டில் விட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். அபராதம் எவ்வளவு என்பதை அங்கங்கே மன்றம்தான் முடிவு செய்கிறது. உங்கள் சென்னையில் முதல் தடவைக்கே 10,000 என்றார்கள். போதாததற்கு, நெடுஞ்சாலையில் திரியும் மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவு போட்டிருக்கிறது. தேவைதான். ஆனால் இந்தப் பக்கத்து மாடு ரோட்டுக்கு ஏன் வருகிறது என்று தெரியுமா? ஐப்பசி கார்த்திகையில் வயல் முழுக்க நடவு, வரப்பு முழுக்கச் சேறு. கால் நனையாமல் படுக்க தார் ரோட்டை விட்டால் வேறு இடமில்லை. ராத்திரி மன்னார்குடியிலிருந்து வண்டியில் வரும்போது பார்க்கிறேன், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கும். நிறம் கருத்த மாடென்றால் பக்கத்தில் போகிற வரைக்கும் தெரியாது. இரண்டு தடவை நானே விழுந்து எழுந்தேன்.

இப்போது என் சொந்தக் கதை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். மேலண்டை மனையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீடு கட்டினார்களே, அவர்கள் என் மாட்டுக்கொட்டகை மேல் மனு கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஐந்து தலைமுறையாக மாடு கட்டுகிற இடம், நேற்று வந்தவர்களுக்கு நாற்றம் அடிக்கிறதாம்! சுகாதார ஆய்வாளர் வந்தார். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றேன். அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து டேப்பை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, ‘எருக்குழி ஓரத்தில் பிடிங்க சார்’ என்றான். மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் அடிபம்பில் வைத்தான். பதினொரு அடி. மழைக்கு எருக்குழி நிரம்பி, பழுப்புத் தண்ணீர் வேலிக்கு அடியில் மெல்ல அந்தப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது. அதுவரை நான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததே இல்லை.

மாடு வளர்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லையாம். 1939-ஆம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டம் ஒன்று இருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் வருகிற மாதிரி எந்தப் பிராணியைக் கட்டினாலும் அது தொல்லை, நீக்கச் சொல்லலாம் என்று அதில் இருப்பதாகப் பொறுமையாகச் சொன்னான். எருக்குழியைக் கீழண்டைக் கொல்லைக்கு மாற்றினேன். மூத்திரம் ஓடுகிற வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசி வாழைக்குத் திருப்பிவிட்டேன். இரண்டு கொத்தனார், மூன்று நாள். அந்த வாழை இப்போது என் தலைக்கு மேலே நிற்கிறது. அந்த வீட்டம்மா தினமும் அரை லிட்டர் பால் வாங்குகிறார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே நீ வந்தால் ஒரு மாடு கட்டு, இரண்டு வேண்டாம். உன் கொல்லை அதற்குத் தாங்காது. கட்டுவதற்கு முன்னால் நகராட்சியில் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள். எருக்குழியை எங்கே வெட்டுவது என்று நான் வந்து பார்த்த பிறகுதான் கடப்பாரையைத் தொட வேண்டும். கலப்பு மாடு பால் அதிகம் கறக்கும், வைத்தியச் செலவும் அதிகம். எனக்கு நம் பக்கத்து நாட்டு மாடு உம்பளச்சேரிதான் பிடிக்கும். பால் குறைவுதான், ஆனால் சேற்றுக்கும் மழைக்கும் அசையாது. காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்க எண்ணோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேம்பில் இலவசமாகப் போடுகிறார்கள், அதற்கு அந்த எண்தான் கணக்கு. கோழிக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வேலியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்.

உன் நாயைப் பற்றி ஒன்று. இங்கே யாரும் நாய்க்கு உரிமம் கேட்டு வாசலுக்கு வருவதில்லை. அதற்காக அவிழ்த்து விட்டுவிடாதே. வளர்க்கிற பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் என்று புதிய தண்டனைச் சட்டத்தில், அதான் நியாய சன்ஹிதாவில், இருக்கிறது. நம் தெரு நாய்கள் ஆறேழு. பட்டணத்து நாயைக் கண்டால் சும்மா விடாது. ஊசி போட்ட அட்டையை மறக்காமல் எடுத்து வா.

என் உம்பளச்சேரி சினையாக இருக்கிறது. தை கடைசியில் ஈனும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். கன்று செவலையாகத்தான் பிறக்கும், ஏழெட்டு மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும். பேத்திக்கு அந்தச் செவலையைக் காட்ட வேண்டுமானால் மாசிக்குள் வந்துவிடு. சீம்பால் எடுத்து வைக்கிறேன், தங்கச்சிக்கு ரொம்பப் பிடிக்குமே. வருகிற தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் எழுது, உன் வீட்டு நிலைக்கதவு மழையில் ஊறி இறுகிக் கிடக்கிறது, ஆளைக் கூப்பிட்டுத் திறந்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சுக் கூட்டாளி