ஊட்டிக்குப் போனவள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாக்குப்பதிவு பற்றி ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'கொங்குப் புறநகர்வாசிகளுக்கு ஓட்டுச்சாவடியைவிட ஊட்டிதான் பக்கம்' என்று ஒரு வரி. அழகான வரிதான். நாடாளுமன்றத் தேர்தல் நடந்த 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறோடு சேர்ந்தால் மூன்று நாள் லீவு, கோவைத் தொகுதியில் 65 சதவீதம்கூடத் தேறவில்லை. ஆக, சோம்பேறிகள் எல்லோரும் மலையேறிவிட்டார்கள். கணக்கு முடிந்தது.

நான் சோமனூரில் 16 தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவன். தொடர்ந்து மூன்று நாள் லீவு எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 1984இல் முதல் ஓட்டுப் போட்டதிலிருந்து ஒன்றையும் விட்டதில்லை. அன்றும் காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றேன்.

என் வீட்டுக்காரி காலமாகி அப்போது இரண்டு வருடம். அவள் பெயரை நீக்கச் சொல்லி, இறப்புச் சான்றிதழ் நகலோடு படிவம் 7ஐ இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டியல் வைத்திருந்த பையன் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரு இல்லீங்க. அம்மிணி பேருதான் இருக்குது. அவங்க வரலீங்களா?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டியலில் அவள் படம் இருந்தது, மங்கலான கருப்பு வெள்ளையில், கல்யாணம் ஒன்றில் எடுத்தது. அடுத்த கட்டத்தில் என் முகத்தின் குறுக்கே 'நீக்கப்பட்டது'. எடுக்கச் சொன்னவனை எடுத்துவிட்டு, எடுக்க வேண்டியவளை விட்டிருக்கிறார்கள்.

உங்கள் சதவீதத்துக்கு வருவோம். பட்டியலில் இருப்பவர்களை வைத்துத்தானே அதைப் போடுகிறீர்கள்? அப்படியென்றால் வரிசையில் நின்று திரும்பிய நான் எந்தக் கணக்கிலும் இல்லை. ஓட்டுப் போடாதவர் கணக்கில் இருப்பது அவள். கட்டுரைப்படி ஊட்டிக்குப் போனது அவள்தான். பாவம், உயிரோடு இருந்தவரை மேட்டுப்பாளையத்தைத் தாண்டினதில்லை.

எங்கள் வீதியில் மட்டும் லைன் வீட்டைக் காலி செய்து திருப்பூர் போன நான்கு குடும்பங்களின் பெயர்கள் அப்படியே கிடந்தன. செய்தியாளர் ஒரு வீதியில் இறங்கி விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாததா?

அதே கட்டுரையில் கொங்கு மண்டலம் இன்னாருடைய 'கோட்டை' என்றும் இருக்கிறது. எந்தக் கோட்டை, எந்த வருடத்துக் கோட்டை? 2019இல் எங்களுக்கு ஏப்ரல் 18 நாடாளுமன்றத் தேர்தல், மே 19 சூலூர் இடைத்தேர்தல். இரண்டையும் மே 23 அன்றே எண்ணினார்கள். கோவையில் ஜெயித்தது மார்க்சிஸ்ட், சூலூரில் ஜெயித்தது அ.தி.மு.க. 2021இல் கோவை மாவட்டத்தின் 10 தொகுதியும் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போனது. 2024இல் கோவை எம்.பி. தி.மு.க. ஆள் பார்த்து, நேரம் பார்த்துக் குத்துகிறோம். 2021இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் பா.ஜ.க. ஜெயித்தது 281 ஓட்டில். எங்கள் பக்கத்தில் இரண்டு லைன் வீட்டு ஜனம் சேர்ந்தால் அவ்வளவு வரும். அந்த மாதிரி இடத்தில் பட்டியலில் பத்துப் பேர் விட்டுப்போவதும் சின்ன விஷயமா?

மொடக்குறிச்சி என்றதும் நினைவு வருகிறது. 1996இல் விவசாயிகள் தங்கள் குறையை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஆளாளுக்கு வேட்புமனுப் போட்டு, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். ஓட்டுச்சீட்டு புத்தகமாகிப்போனது, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். சோம்பேறிகள் செய்கிற வேலையா அது?

ஓட்டுப் போடுவதில் ஆர்வம் இல்லையாம். 2016 அக்டோபரில் நகராட்சி, பேரூராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஓட்டு 2022 பிப்ரவரி 19இல். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் சாக்கடை அடைத்தால் சொல்லக்கூட ஒரு கவுன்சிலர் இல்லை. அப்போது ஆர்வம் இல்லாதவர்கள் யார் என்று ஒரு கட்டுரை போட்டீர்களா? போட்டிருந்தால் மன்னிக்கவும், நான் பார்க்கவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்க்கப் படிவம் 6 கொடு என்றார்கள். 18 வயதுப் பிள்ளைகள் கொடுக்கிற அதே படிவம். 63 வயதில் புதிய வாக்காளராகக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் "பேனா இருக்குங்களா தாத்தா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வாக்காளர் சிறப்பு முகாம் எந்தப் பள்ளியில், எந்தச் சனி ஞாயிறில் என்று முந்தின வாரமே உள்ளூர்ப் பக்கத்தில் போடுங்கள். இப்போது முகாம் முடிந்த மறுநாள், அதிகாரிகள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற படத்தோடு போடுகிறீர்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத வாசகன்,
சோமனூர்.