'மருந்தடிப்பீர்களா?' என்ற கேள்வியையும் சேருங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களே என்னிடம் அதிகம். முதல் நாள் பெற்றோரிடம் கேட்டு ஒரு படிவம் நிரப்புவோம். சொந்தத்தில் திருமணமா, பிறந்தவுடன் குழந்தை அழுததா, மஞ்சள் காமாலை வந்ததா, வலிப்பு உண்டா என்று எல்லாம் அதில் இருக்கிறது. வயலில் அடிக்கிற விஷத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். 'அம்மா', 'தா' என்று இரண்டே சொல். கர்ப்பக் காலத்தில் பூச்சிக்கொல்லி எதுவும் கையாண்டீர்களா என்று நானாகவே கேட்டேன். இல்லை என்றார் தாய். புறப்படும்போது, "இவன் அப்பா மருந்தடித்துவிட்டு வந்தால் போதும், சட்டையைக் கழற்றக்கூட விடமாட்டான், தாவிக்கொள்வான்" என்று சிரித்தார். உட்கார வைத்து மறுபடி கேட்டேன். கர்ப்பத்தின் ஏழாம் மாதம் வரை, மருந்தடித்த மறுநாளே அதே காட்டில் களையெடுத்திருக்கிறார். நம் ஊரில் அதன் பெயர் மருந்து. பூச்சிக்கொல்லி என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

அந்தச் சிறுவனுக்குப் பேச்சு தாமதமானது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தையை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், பார்த்தோம். ஆனால் சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொப்புள்கொடி இரத்தத்தில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியின் அளவைப் பார்த்து, அதே குழந்தைகளை ஏழு வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். நஞ்சின் அளவு கூடியிருந்தவர்களுக்குச் செயல் நினைவாற்றல் குறைந்திருந்ததை 2011-இல் வெளியிட்டார்கள். கேட்டதை மனதில் பிடித்துவைக்கும் அந்தத் திறன்தான் எங்கள் வேலைக்கு அடித்தளம். அது குறைந்தால், 'செருப்பை எடுத்து வெளியே வை' என்றால் குழந்தை செருப்பை எடுத்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

2025-இல், நெடுங்காலம் அழியாத நஞ்சுகளைத் தடுப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு, குளோர்பைரிபாஸை ஒழிக்க வேண்டிய நஞ்சுகளில் சேர்த்தன. நம் மாநில அரசும் அதற்கு முன்பே தற்கொலைகளைத் தடுக்க அதையும் வேறு சிலவற்றையும் 60 நாட்களுக்குத் தடைசெய்தது. அதைக் குடித்துச் சாகிறவர்களை எண்ணினோம். மூச்சிலும் தோலிலும் வாங்கி வளர்கிற குழந்தைகளை எண்ணவில்லை.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மேல் சுமார் இருபது ஆண்டுகள் வானிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். பத்ரே கிராமத்து மருத்துவர் மோகன்குமார், தம்மிடம் வருகிறவர்களின் நோய்களை ஊரோடு சேர்த்துப் பார்த்ததும் அந்த நஞ்சின்மேல் கேள்வி எழ ஒரு காரணம். உச்ச நீதிமன்றத் தடை வந்தது 2011-இல்.

குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறிந்து பயிற்சி தரும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களின் படிவத்தில் மக்கள் மொழியிலேயே கேளுங்கள்: வீட்டில் யார் மருந்தடிக்கிறார்கள்? டப்பாவை எங்கே வைக்கிறீர்கள்? மருந்தடித்து எத்தனை நாளில் காட்டுக்குப் போனீர்கள்? பதில்களை ஊர்வாரியாகத் தொகுத்து வேளாண்மைத் துறைக்கும் அனுப்புங்கள். எங்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் அரை நாள் பயிற்சி போதும்.

அந்தச் சிறுவனின் தந்தை இப்போது மோட்டார் கொட்டகையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறார். கேட்டதால் தெரிந்தது, சொன்னதும் செய்தார்.

இப்படிக்கு,
ஒரு பேச்சுப் பயிற்சியாளர்