ஓடுதளமும் கழிப்பறையும் ஒன்றல்ல

அன்புள்ள மாலதி,

உன் கடிதத்தை வந்த அன்றைக்கே படித்துவிட்டேன். பதில் எழுதத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. உன் பெண்ணுக்குக் கணுக்கால் தேறிவிட்டதில் ரொம்ப சந்தோஷம். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் அவளை ஸ்பைக்ஸ் போட விடாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது யார் உதவியும் இல்லாமல் பேப்பர் படிக்கிறார், படித்ததையெல்லாம் எனக்கும் சொல்கிறார். நான் அதே பெண்கள் காப்பகத்தில்தான் இருக்கிறேன். இரவு டியூட்டி மட்டும் இப்போது இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் தடகளக் கிளப்புக்கு விதிகள் எழுதும் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள். பெண்கள் பிரிவில் திருநங்கைகளைச் சேர்க்கலாமா என்பதற்கு உன்னிடம் பதில் தயாராக இருக்கிறது. இருந்தாலும் நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். அதோடு, "ஓட்டத்தில் வேண்டாம் என்றால் காப்பகத்திலும் வேண்டாம், கழிப்பறையிலும் வேண்டாம், எல்லாம் ஒரே கேள்விதான்" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியில்தான் எனக்கும் உனக்கும் சண்டை. பெண்களுக்கென்று நாம் ஒதுக்கிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணங்கள் ஒன்றல்ல. எதற்காக ஒதுக்கினோம் என்று பார்க்காமல் யார் உள்ளே வரலாம் என்று எப்படிடி முடிவு செய்வது?

ஓட்டத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் உன் பக்கம்தான் நிற்கிறேன். அங்கே பெண்கள் பிரிவு பிறந்ததே உடம்பில் இருக்கும் வித்தியாசத்தால். நம் எண்ணூறு மீட்டரையே எடுத்துக்கொள். பெண்கள் உலக சாதனை 1983-இல் யார்மிலா க்ராடோச்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28 விநாடி. ஆண்களுக்கு 2012-இல் டேவிட் ருடிஷா ஓடிய 1 நிமிடம் 40.91. இரண்டு பேரும் ஒரே பந்தயத்தில், ஒரே சீரான வேகத்தில் ஓடியதாக வைத்துக் கணக்குப் போட்டால், ருடிஷா முடிக்கும்போது க்ராடோச்விலோவாவுக்கு இன்னும் ஏறக்குறைய 87 மீட்டர் பாக்கி. கடைசி வளைவையே அவர் முடித்திருக்க மாட்டார். இத்தனை வருஷமாக எந்தப் பெண்ணும் முறியடிக்காத சாதனை அது. பளு தூக்குதலில் இடைவெளி இன்னும் பெரிது, கிட்டத்தட்ட 30 சதவீதம் வரும். தனிப் பிரிவு இல்லையென்றால் பெரிய பந்தயங்களின் இறுதிச் சுற்றில் ஒரு பெண்ணைக்கூடப் பார்க்க முடியாது.

இந்த இடைவெளியின் பெரும்பகுதி பருவ வயதில் வருவது. அதற்கு முன்னால் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஓட்டத்தில் வித்தியாசம் சொற்பம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும் உயரம், எலும்பின் நீளம், இதயத்தின் அளவு, தசை எல்லாம் மாறிவிடுகின்றன. பின்னால் சிகிச்சை எடுத்து அந்த ஹார்மோனைக் குறைத்தால் சில விஷயங்கள் சீக்கிரமே இறங்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. தசை அப்படிக் குறைவதில்லை. ஒரு வருஷத்தில் 5 சதவீதம்போலக் குறைகிறது. எலும்பும் உயரமும் அப்படியே இருக்கின்றன. அமெரிக்க விமானப்படையில் இருந்த திருநங்கைகளின் உடற்தகுதித் தேர்வுப் பதிவுகளை வைத்து 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வருஷ சிகிச்சைக்குப் பிறகு தண்டால் எடுப்பதில் மற்றப் பெண்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆனால் ஒன்றரை மைல் ஓட்டத்தில் இன்னும் 12 சதவீதம் வேகமாகத்தான் இருந்தார்கள். அவர்கள் பதக்கத்துக்காகப் பயிற்சி எடுத்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த 12 சதவீதத்தை ஒரு பயிற்சியாளராக நீ எப்படிப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் 2015-இல் ஒலிம்பிக் கமிட்டி வைத்த வரம்பு, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழே ஒரு வருஷம் இருந்தால் போதும் என்பது, எனக்கு நியாயமாகப் படவில்லை. பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அது 2-ஐக்கூடத் தாண்டாது. 2020-இல் ரக்பியும், 2022-இல் நீச்சலும், 2023 மார்ச்சில் தடகளமும் ஆண் பருவத்தைக் கடந்தவர்களுக்கு சர்வதேசப் பெண்கள் பிரிவில் இடமில்லை என்று முடிவு செய்தன. உச்சத்தில் நடக்கும் போட்டிக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இறுதிப் போட்டியில் எட்டுத் தடங்கள்தான், அதில் ஒன்று பறிபோனாலும் ஒரு பெண்ணின் பல வருஷ உழைப்பு என்று நீ எழுதியிருந்தாய். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் "பதக்கம் திருட வேஷம் போட்டு வருகிறார்கள்" என்று எழுதினாயே, அதை என்னால் விட முடியாது. திருநங்கைகள் ஒலிம்பிக்கில் பங்கேற்க 2004-லேயே விதி வந்துவிட்டது. தன்னைத் திருநங்கை என்று வெளிப்படையாகச் சொல்லி, பெண்கள் தனிநபர் போட்டியில் முதன்முதலாக நின்றவர் நியூசிலாந்தின் பளு தூக்கும் வீராங்கனை லாரல் ஹப்பார்ட், 2021-இல் டோக்கியோவில். அப்போது அவருக்கு 43 வயது. மூன்று முறை தூக்கினார், மூன்றும் செல்லவில்லை, அத்தோடு அவர் போட்டி முடிந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் லியா தாமஸ் என்ற திருநங்கை 2022-இல் 500 கஜ நீச்சலில் ஜெயித்ததை எல்லோரும் சொல்கிறார்கள். அதே போட்டித் தொடரில் அவர் 200 கஜத்தில் இன்னொருவரோடு ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார், 100 கஜத்தில் எட்டாவதாக வந்தார். அந்தக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பின் தலைவர் 2024 டிசம்பரில் செனட் குழு முன்னால் சொன்னது, 5,10,000 வீரர்களில் தனக்குத் தெரிந்த திருநர்கள் பத்துப் பேருக்கும் குறைவு என்பது. சிலர்தானே என்று நியாயத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்தச் சிலரைப் படையெடுத்து வருகிறவர்களாகக் காட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். வீட்டையும் உறவையும் இழந்து, வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்கும் முடிவை ஒரு பதக்கத்துக்காக யாரும் எடுப்பதில்லை, மாலதி.

திருநங்கைகளுக்குத் தனிப் பிரிவு வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் எழுதியிருக்கிறாய். உலக நீச்சல் அமைப்பு அதைச் செய்தது. 2023 அக்டோபரில் பெர்லினில் நடந்த உலகக் கோப்பையில் எல்லோருக்கும் பொதுவான ஒரு பிரிவை வைத்தார்கள். ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. உலகமே கேமராவோடு பார்த்துக்கொண்டிருக்க, தன்னந்தனியாக அந்த மேடையில் ஏறி நிற்க யாருக்கு மனசு வரும்?

எனக்கு உண்மையான பயம் வேறு இடத்தில். பெண்கள் பிரிவுக்கு வாசல் வைத்தால் வாசலில் சோதனையும் வரும், அந்தச் சோதனை எல்லாப் பெண்கள் மேலும் விழும். 1966-இல் வீராங்கனைகளை டாக்டர்கள் முன்னால் ஆடையில்லாமல் நடக்கவிட்டார்கள். அப்புறம் குரோமோசோம் சோதனை வந்தது. 1985-இல் ஜப்பானின் கோபேயில் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீன்யோவுக்கு எக்ஸ்-ஒய், அதாவது வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் குரோமோசோம், என்று முடிவு வந்தது. டெஸ்டோஸ்டிரோனை அவர் உடம்பு ஏற்கவே ஏற்காது. அதாவது அந்த ஹார்மோனால் அவருக்கு ஒரு துளி லாபமும் கிடையாது. ஆனாலும் பட்டம் போனது, உதவித்தொகை போனது, நிச்சயித்திருந்தவரும் போனார். உரிமையைத் திரும்பப் பெற மூன்று வருஷம் போராடினார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பேரைச் சோதித்து எட்டுப் பேரைப் பிரித்தார்கள், கடைசியில் எட்டுப் பேரையுமே ஓடவிட்டார்கள். 1999-இல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சோதனையையே கைவிட்டது. இப்போது 2025 செப்டம்பரிலிருந்து தடகளத்தில் மரபணுச் சோதனையாகத் திரும்ப வந்திருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவு, வாழ்க்கையில் ஒரே முறை என்கிறார்கள். பழைய முறைகளைவிடக் கௌரவமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். முடிவு வந்த பிறகு அந்தப் பெண்ணை யார் தாங்கிப் பிடிப்பது என்பதற்கு எந்தக் குச்சியும் பதில் சொல்லாது.

சாந்தி சௌந்தரராஜனை நாம் எப்படி மறக்க முடியும்? 2006-இல் தோஹாவில், நம் எண்ணூறு மீட்டரில்தான், ஆசிய விளையாட்டு வெள்ளி வாங்கினார். சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள், நாடு முழுக்க டிவியில் அவர் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். அவர் திருநங்கை கிடையாது. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்து ஓடியவர். அந்த அவமானம் அவரை உயிரை விடும் முயற்சி வரைக்கும் தள்ளியது.

சர்வதேச மேடையில்தான் இதெல்லாம் என்று நினைக்காதே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2022-இல் ஒரு பள்ளி மாணவி போட்டியில் ஜெயித்தாள். இரண்டாவது, மூன்றாவது வந்த பெண்களின் பெற்றோர் அவள் பெண்தானா என்று புகார் கொடுத்தார்கள். விளையாட்டுச் சங்கம் அவளுடைய பள்ளிப் பதிவேடுகளை மழலையர் வகுப்பு வரைக்கும் போய்ப் புரட்டியது. ஒவ்வொரு வருஷமும் பெண் என்றே பதிவாகியிருந்தது. குழந்தை மனசு உடையக் கூடாதென்று அவள் வீட்டுக்குச் சொல்லாமலே விசாரித்தார்களாம். அதே வருஷம் அந்த மாநிலத்தில் வந்த தடைச் சட்டத்தை கவர்னர் ஸ்பென்சர் காக்ஸ் திருப்பி அனுப்பினார். பள்ளிகளில் விளையாடும் 75,000 பேரில் நாலு பேர்தான் திருநர்கள், பெண்கள் பிரிவில் விளையாடுவது அதில் ஒரே ஒருவர் என்று எழுதினார். சட்டசபை அவரை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது. முடியைக் குட்டையாக வெட்டிய, தோள் அகலமான, வேகமாக ஓடுகிற எந்தப் பெண் குழந்தையும் இப்படிச் சந்தேகத்தில் சிக்கலாம். உன் பெண்ணும்கூட.

இனி கழிப்பறை, காப்பகம். உன் ஓடுதள நியாயம் இங்கே செல்லாது, ஏனென்றால் இங்கே யாரும் யாரையும் முந்தவில்லை. கழிப்பறை பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் திருநங்கைகளை அனுமதிக்க வேண்டும் என்று விதி போட்ட ஊர்களையும் போடாத ஊர்களையும் ஒப்பிட்டு 2018-இல் வந்த ஆய்வு, கழிப்பறைகளிலும் உடை மாற்றும் அறைகளிலும் குற்றம் அதிகரிக்கவில்லை என்றது. ஒரு திருநங்கையை ஆண்கள் கழிப்பறைக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று எங்கள் காப்பகத்தில் வேலை செய்யும் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அடி வாங்கியவர்கள் எங்களிடம்தான் வருகிறார்கள்.

காப்பகம் அத்தனை சுலபம் இல்லை. ஆண் குரல் கேட்டாலே உடம்பு நடுங்கும் பெண்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்கள் பயத்தை அறியாமை என்று தள்ள எனக்கு உரிமை கிடையாது. கணவன் அடித்து வாசலில் வந்து நிற்கும் திருநங்கையின் பயமும் அதே பயம்தான். நாங்கள் தனி அறை, தனிக் குளியலறை கொடுக்கிறோம். யாரை யாரோடு தங்க வைப்பது என்று ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்கிறோம். இடம் இருக்கும் வரைக்கும் இது நடக்கிறது. பல நேரம் இது கொள்கைப் பிரச்சினையே இல்லை, அறைப் பற்றாக்குறை.

சிறையிலும் ஆளுக்கு ஆள் பார்க்காமல் விட்டால் இரண்டு பக்கமும் ஆபத்து. பாலியல் வன்முறைக் குற்றவாளியான திருநங்கை ஒருவரை 2023-இல் ஸ்காட்லாந்தில் முதலில் பெண்கள் சிறையில் வைத்தார்கள், எதிர்ப்பு வந்து மாற்றினார்கள். அந்த எதிர்ப்பு சரி. டீ ஃபார்மர் என்ற திருநங்கையை அமெரிக்காவில் ஆண்கள் சிறையில் போட்டார்கள், தான் பலாத்காரம் செய்யப்பட்டதாக அவர் வழக்குப் போட்டார். ஆபத்து தெரிந்தும் கண்டுகொள்ளாத சிறை அதிகாரிகள் பொறுப்பாளிகள் என்று 1994-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் சரி. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் உயிரியல் பாலினம்தான் என்று தீர்ப்பளித்தது. திருநர்களைப் பாகுபடுத்துவது இன்னமும் சட்டவிரோதம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்த இரண்டாவது பாதியை யாரும் பகிர்வதில்லை.

உங்கள் கிளப்புக்கு வருகிறேன். மாநில அளவுக்கு மேலே போகும் தேர்வுப் போட்டிகளுக்கு உலகத் தடகள விதியையே பின்பற்றுங்கள். நீங்களாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கும், காலையில் உடம்புக்காக ஓட வருகிறவர்களுக்கும் எந்தத் தடையும் போடாதீர்கள், அங்கே காக்க வேண்டிய பதக்கம் எதுவும் இல்லை. எதிரணிப் பெற்றோரோ பயிற்சியாளரோ புகார் கொடுத்தார் என்பதற்காக எந்தக் குழந்தையின் உடம்பையும் பதிவேட்டையும் யாரும் சோதிக்கக் கூடாது என்று தனி விதியாகவே எழுது. பொய்ப் புகார் கொடுப்பவருக்குத் தண்டனை என்ன என்பதையும் கூடவே எழுது. பயிற்சிக்கு வரலாமா, உடை மாற்றும் அறை எது என்பதையெல்லாம் போட்டி விதிக்குள் கலக்காதே. முடிவு எடுப்பதற்கு முன்னால் ஓடுகிற திருநங்கை ஒருவரையாவது கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.

வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு. பருவம் கடந்தவர்கள் மாவட்டப் போட்டியில் ஓடலாமா என்பதில் நீ மாட்டேன் என்பாய், எனக்கு இன்னும் மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. அதை மட்டும் போனில் பேசிக்கொள்வோம், எழுதினால் தீராது.

அன்புடன்,
கீதா